ஐதாக்கலும் நடுநிலையாக்கலும்

போன கிழமை எங்கள் வீட்டு இன்வேட்டரின் பற்றறி செத்துப்போயிற்று. மின்சாரம் நின்றாலும் விசிறி சுற்றட்டும் என்று வாங்கி வைத்த சாமான். வவுனியா வெயிலில் விசிறி நின்றால் நான் மனிசியாக இருக்கமாட்டேன் என்பது என்னோடு படிப்பிக்கிற ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். கடைக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து மூடிகளைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன ரீச்சர், இதுக்குத் தண்ணி விடுறேல்லையோ? நீங்கள்தானே பிள்ளையளுக்குக் கெமிஸ்ற்றி படிப்பிக்கிறது?”

திருப்பிக் கொடுக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த மணம் வந்துவிட்டது. துருப்பிடித்த ஆணியை வாய்க்குள் வைத்துக்கொண்டு புளியங்காயைக் கடித்தால் எப்படியிருக்குமோ அப்படி ஒரு மணம். மூக்கைவிடத் தொண்டைக்குத்தான் முதலில் தெரியும். அவர் தன் பாட்டுக்கு ஒரு கடதாசிச் சரையிலிருந்து அப்பச்சோடாவை எடுத்து, பச்சை பூத்துக் கிடந்த பற்றறி முனைகளில் தூவித் தண்ணீர் தெளித்தார். சுர்ரென்று நுரைத்தது. நான் குசினிக்குள் போய்விட்டேன். தேத்தண்ணி போடப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, “எனக்குச் சீனி குறைச்சு, ரீச்சர்” என்று அவர் முன்பக்கமிருந்து குரல் கொடுத்தார். தேத்தண்ணியும் போட்டேன், அழவும் செய்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்து எனக்கு நல்ல பழக்கம்.

அந்த மணத்துக்கும் என் அழுகைக்கும் நடுவில் இரண்டு சொற்கள் நிற்கின்றன. ஐதாக்கல், நடுநிலையாக்கல். முகத்தைச் சுளிக்காதீர்கள். உங்களுக்கு இரசாயனவியல் என்றால் காய்ச்சல் வரும் என்று தெரியும். இது எலுமிச்சம் தண்ணி அளவுக்குத்தான் கஷ்டம். புளி கூடிப்போன எலுமிச்சம் தண்ணியைக் குடிக்கக்கூடியதாக ஆக்க இரண்டு வழி உண்டு. பச்சைத் தண்ணியை விட்டுக் கலக்கலாம். புளிப்பு அத்தனையும் அங்கேதான் இருக்கும், ஆனால் பரந்து போய்விடும், நாக்குக்கு உறைக்காது. இது ஐதாக்கல். இல்லையென்றால் கொஞ்சம் அப்பச்சோடாவைப் போடலாம். நுரைத்து அடங்கும். அமிலமும் செத்து, அதற்கு எதிரான காரமும் செத்து, உப்பும் தண்ணீருமாக வேறொன்று பிறக்கும். இது நடுநிலையாக்கல். அமிலம் வலுவானதாக இருந்தால் கூடவே சூடும் பிறக்கும். அந்தச் சூட்டைச் சொல்லும்போது மட்டும் என் குரல் மாறிவிடுவதாகப் பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பார்கள். “ரீச்சர் அந்தப் பக்கத்தை மட்டும் கொழும்பு எக்ஸ்பிரஸ் மாதிரி நிப்பாட்டாமல் விட்டிட்டுப் போவா” என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். கெட்டிக்காரி, சரியாகத்தான் பிடித்திருக்கிறாள்.

சனங்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். “அசிட்டுக்குத் தண்ணி விட்டு நியூற்றல் ஆக்கியாச்சு” என்பார்கள். தண்ணி விட்டால் நியூற்றல் ஆகாது, ஐதாகும். அமிலம் அமிலமாகவே இருக்கும். அதோடு, ஐதாக்கலுக்கு அளவு பார்க்கத் தேவையில்லை, தாராளம் வேண்டும். குடம் குடமாய்க் கொட்ட வேண்டும். நடுநிலையாக்கல் அப்படியில்லை. அது கணக்குக்காரன். கொஞ்சத்தோடு காரியத்தை முடித்துவிடும், அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும். தொண்ணூறுகளில் வன்னியில் வளர்ந்த எங்களுக்கு இந்த இரண்டு பேரில் ஆரைப் பிடித்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்களிடம் எது தாராளமாக இருந்தது? வவுனியாச் சோதனைச் சாவடியைத் தாண்டி மண்ணெண்ணெய் வராது, சவர்க்காரம் வராது, ரோச் பற்றறி வராது, சீமெந்து வராது. ஜாம் போத்தலுக்குள் திரியைத் தொங்கவிட்டு, அடியில் ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெய் விட்டு எரிப்போம். பனங்களியால் உடுப்புத் தோய்ப்போம், பிறகு அந்த உடுப்பை மாடு நக்காமல் காவல் இருப்போம். என்னுடைய பாடசாலைச் சட்டையின் தோள்பக்கத்தை ஒரு மாடு தின்றேவிட்டது. அதைச் சொல்லி இரண்டு நாள் வகுப்புக்குப் போகாமல் இருந்தேன், அது வேறு கதை. எதையும் கொஞ்சத்தோடு முடிப்பவள்தான் அங்கே கெட்டிக்காரி. அம்மாமார் குழம்பு வைத்ததும் அப்படி, நாங்கள் படித்ததும் அப்படி.

கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து நாங்கள் முள்ளியவளைக்கு வந்தபோது நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். கிடுகுக் கொட்டில்தான் வகுப்பு. விஞ்ஞானப் பிரிவுக்கு ஒரு மேசை இருந்தது, அதில் ஆய்வுகூடம் என்று சோக்கால் எழுதியிருந்தது. அமிலம் வராது, நிறம் மாறிக் காட்டுகிற காட்டி வராது, கண்ணாடிச் சாமான் ஒன்றும் வராது. ஆனால் சோதினை மட்டும் கொழும்பிலும் எங்களுக்கும் ஒரே சோதினை. அதனால் எங்கள் இரசாயனவியல் சேர் கையில் ஒரு பூவரசந்தடியைப் பிடித்துக்கொண்டு, அதைத் துளி அளந்து விடுகிற அளவி என்று வைத்துக்கொள்ளச் சொல்லுவார். மற்றக் கையை வெறுமையாகக் குவித்துப் பிடித்தால் அது குடுவை. இல்லாத திருகைத் திருகுவார், இல்லாத திரவம் துளித் துளியாக விழும், நாங்கள் எல்லோரும் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்போம். “நிறம் மாறினாச் சொல்லுங்கோ” என்பார். பொறுமையில்லாத பெடியள் “மாறிட்டுது சேர்” என்பார்கள்.

“இல்லை சேர், இன்னும் ஒரு துளி” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். அதுதான் ஜெனி.

ஜெனிற்றா முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி. தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். கடற்கரையில் ஷெல்லுக்கும் கடற்படைக்கும் பயந்து இருக்க ஏலாமல், தாயும் அண்ணனும் அவளுமாக முள்ளியவளைக்கு ஏறி வந்திருந்தார்கள். கழுத்தில் கறுப்பு நூலில் கோத்த சின்னச் சிலுவை, கையில் எப்போதும் ஒரு பென்சில். இரசாயனவியலில் அவளுக்குப் பின்னால்தான் நாங்கள் எல்லோரும், நான் இரண்டாவது. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது, மறைப்பானேன். ஆனால் அவளோடு கோபித்துக்கொள்ள முடியாது, சிரிக்க வைத்துவிடுவாள். இல்லாத அளவியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது என்று அமிலத்துக்கு எத்தனை துளி காரம் என்று கணக்குப் பார்க்கிற நியமிப்பை உண்மையாகவே செய்ய அவள்தான் வழி கண்டுபிடித்தாள். எலுமிச்சம்புளிதான் அமிலம். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்தால் அது காரம். செம்பரத்தம்பூவைக் கசக்கிப் பிழிந்தால் அது காட்டி. புளிக்குள் சிவப்பாக இருக்கும், சுண்ணாம்புத் தண்ணி போதுமான அளவு விழுந்ததும் பச்சைக்குத் திரும்பும். ஊசி மருந்து ஏற்றுகிற பழைய சிறிஞ்சினால் துளி துளியாக விடுவோம். அந்தப் பச்சை வருகிற நேரம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த விளையாட்டெல்லாம் நடந்தது அவளுடைய அண்ணனின் கொட்டிலில். அன்ரன் அண்ணை கடற்தொழிலாளி, படகு எரிந்துபோன பிறகு பற்றறி சார்ஜ் பண்ணுகிற தொழில் தொடங்கியிருந்தார். உழவு யந்திரத்தின் பழைய எஞ்சின் ஒன்றோடு ஒரு லொறி டைனமோவைப் பொருத்தியிருந்தார். சூப்பிப் போத்தலால் ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி எஞ்சினை ஏமாற்றிக் கிளப்புவார், அது கிளம்பினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். சனங்கள் சைக்கிள் கரியரில் பற்றறியைக் கட்டிக்கொண்டு வருவார்கள். ரேடியோவில் செய்தி கேட்க ஒருவர், படம் போட ஒருவர், பிள்ளை படிக்க ஒரு சின்ன பல்ப் கொளுத்த இன்னொருவர். எங்களுக்கும் ஒரு பல்ப் தந்திருந்தார். அதன் கீழே ஒரு வாங்கு, அதில் ஜெனியும் நானும். அந்த மணத்துக்குள் இருந்துதான் நான் படித்தேன். அது எனக்கு அப்போது படிப்பின் மணமாகத்தான் இருந்தது.

அன்ரன் அண்ணை எட்டாம் வகுப்போடு நின்றவர். எங்கள் கடற்கரையில் ஒரு டொக்டர் வரவேணும், அது என்ரை தங்கச்சியாய் இருக்கவேணும் என்பதைத் தவிர அவருக்கு வேறு வேண்டுதல் இருந்ததாக எனக்குத் தெரியாது. நாங்கள் சத்தமாகப் பாடமாக்கும்போது வேலையை விட்டுவிட்டு வந்து சீண்டுவார்.

“என்னடி உது, ஐதாக்கலாம் நடுநிலையாக்கலாம். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

ஜெனி யோசிக்காமலே சொன்னாள். “ஒருத்தன் கோவத்தோடை வாறான் எண்டு வையுங்கோ அண்ணை. அவனைச் சந்தைச் சனத்துக்குள்ளை விட்டா, கோவம் அப்பிடியே இருக்கும், ஆனா ஒருத்தருக்கும் உறைக்காது. அது ஐதாக்கல். அவனுக்கு நேரெதிரா ஒருத்தியைப் பாத்துக் கட்டிவைச்சா, ரெண்டு பேரும் அடங்கிப் போவினம். அது நடுநிலையாக்கல்.”

“அப்ப எனக்கு ஐதாக்கலே போதும்” என்று சொல்லிவிட்டு அவர் எஞ்சினடிக்குப் போய்விட்டார். தாய் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமியது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

அந்தக் கொட்டிலின் மூலையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் கான் இருந்தது. அதற்குள் மழைத்தண்ணி. பற்றறிக்குக் கிணற்றுத் தண்ணி விடக்கூடாது, அதிலுள்ள உப்புகள் தகட்டைத் தின்றுவிடும். காய்ச்சி வடித்த தண்ணீருக்கு அப்போது எங்கே போவது? மாரியில் நாலு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டி, முதல் மழையைப் போகவிட்டு, அடுத்த மழையைப் பிடித்துக் கானில் நிரப்பி மூடி வைப்பார்கள். கோடை முடியும்வரைக்கும் அதை வைத்துத்தான் தொழில். அது முடிந்தால் அடுத்த மாரிவரைக்கும் உலை ஏறாது. அந்தக் கானை அந்த வீட்டில் கிட்டத்தட்ட மாதாவின் சுருவத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தார்கள். விருந்தாளி விக்கினாலும் குடத்துத் தண்ணிதான், கானில் கை வைக்கப்படாது. நானே ஒருநாள் மறதியில் அதன் மூடியைத் தொட்டு, ஜெனியின் தாயிடம், நாங்கள் அன்ரி என்று கூப்பிடுகிறவ, நல்ல ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

தண்ணீருக்கு மழை இருந்தது, அமிலத்துக்கு ஒன்றும் இல்லை. அதனால் செத்த பற்றறிகளிலிருந்து பழைய அசிட்டை ஊற்றி எடுத்து, துணியில் வடித்து, சட்டியில் வைத்துக் காய்ச்சுவார்கள். தண்ணி ஆவியாகிப் போக, அசிட் செறிவாகும். அந்த நாளில் பற்றறி வேலை செய்த எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். இன்றைக்கு என் பிள்ளை ஒன்று இப்படிச் செய்கிறது என்று கேள்விப்பட்டால் முதுகுத் தோலை உரித்துவிடுவேன். அன்றைக்கு அது புகை வருகிற இன்னொரு அடுப்பு, அவ்வளவுதான். காற்று வருகிற பக்கம் பார்த்து நாங்கள் வாங்கை நகர்த்திப் போட்டுக்கொள்வோம்.

ஆவணி மாதம், பின்னேரம். வேலியோரக் கிணற்றில் வாளி தரை தட்டி, சேற்றோடு வருகிற காலம். நானும் ஜெனியும் நியமிப்புக்கு ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தோம். வாங்கில் எலுமிச்சம்புளி, செம்பரத்தம்பூச் சாறு, ஒரு போத்தல் சுண்ணாம்புத் தண்ணி. அன்ரன் அண்ணை அடுப்பிலிருந்து சட்டியைச் சாக்கால் பிடித்துத் தூக்கினார். சட்டியின் விளிம்பு உடைந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, ஓடு ஒன்று முறிகிற சத்தம்தான். சட்டி நிலத்தில் விழுந்து தெறித்த தெறிப்பு அவர் முகத்தில் பட்டது. அவர் கத்தவில்லை. இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, “அம்மா, கண்” என்று மட்டும் சொன்னார்.

அன்ரி குசினியிலிருந்து ஓடிவந்தா. வந்த கையோடு நீலக் கானைத்தான் இழுத்தா. மற்ற நேரமெல்லாம் அதைத் தொடவிடாத மனிசி, மூடியைத் திறந்தும் விட்டா. என் கண்ணால் கண்டேன்.

“அம்மா, அது வேண்டாம், விடுங்கோ” என்று ஜெனி கத்தினாள். “இது காணும், இது காணும்.”

சுண்ணாம்புத் தண்ணிப் போத்தலோடு அவள் அண்ணனுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். அவர் கையை விலக்கி, கண்ணிமையை விரலால் திறந்து, போத்தலின் அடியில் கிடந்த வெள்ளைக் கசடும் சேர்த்து ஊற்றினாள். அமிலத்துக்குக் காரம். கொஞ்சம் போதும். அது நடுநிலையாகிவிடும், கானும் மிஞ்சும், தொழிலும் மிஞ்சும். அவளுடைய தலைக்குள் அந்த நேரம் ஓடிய கணக்கு எனக்குத் தெரியும், ஏனென்றால் என்னுடைய தலைக்குள்ளும் அதே கணக்குத்தான் ஓடியது. போத்தல் அவளுக்கு அரை அடி கிட்ட இருந்தது, அவ்வளவுதான் எங்கள் இரண்டு பேருக்கும் வித்தியாசம். அதற்குப் பிறகுதான் அன்ரன் அண்ணை கத்தினார். அந்தக் கத்தலை நான் எழுதப்போவதில்லை.

உழவு யந்திரப் பெட்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் கேட்ட முதல் கேள்வி, “தண்ணியாலை கழுவினனீங்களோ?”

“இல்லை சேர்” என்றாள் ஜெனி. “நடுநிலையாக்கினனான்.”

அவர் கையில் இருந்த வேலையை நிறுத்தி அவளைப் பார்த்தார். பாடசாலைச் சட்டையோடு நின்றாள். அவர் ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் நல்லது என்று பிறகு நினைத்திருக்கிறேன். “ஐதாக்கியிருக்கவேணும், பிள்ளை” என்று மெல்லச் சொல்லிவிட்டு, தாதியிடம் தண்ணீர் கேட்டார். குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. அமிலமும் காரமும் சேர்ந்தால் பிறக்கிற சூட்டை நாங்கள் பூவரசந்தடி அளவியில் ஒருநாளும் உணர்ந்ததில்லை. எலுமிச்சம்புளியில் அது கைக்குத் தெரியாது. சுண்ணாம்பு, கண்ணில் அமிலத்தைவிட மோசமாக ஒட்டிக்கொள்ளும் என்பதும் எங்கள் புத்தகத்தில் இருக்கவில்லை. இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் என்னவென்று அவளை எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். எந்த இடத்தில் எதைச் செய்வது என்று எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரவில்லை.

கண் டொக்டர் வவுனியாவில். பாதை அடைபட்டிருந்த காலம், மடுப் பக்கத்தால் சுற்றிப் போகவேண்டும், அதற்குப் பாஸ் வேண்டும். பாஸ் வந்து, அன்ரி அவரைக் கூட்டிப் போய்த் திரும்பி வந்தபோது மாரி தொடங்கிவிட்டது. ஒரு கண் முழுதாகப் போயிற்று. மற்றதில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். வந்து இறங்கினவுடனே அவர் கேட்டது, “மழைக்குத் துணி கட்டினியளோ?” என்றுதான்.

கட்டியிருந்தோம். ஜெனியும் நானும்தான் கட்டினோம். அந்த மாரியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டி, கான் நிரம்பி, அண்டாவும் நிரம்பி, மிச்சத்தை வளவுக்குள் ஊற்றினோம். ஊற்றும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் வகுப்புக்கு வந்தாள், ஆனால் சேர் பூவரசந்தடியைத் தூக்கினால் தலையைக் குனிந்துகொள்வாள். “நிறம் மாறினாச் சொல்லுங்கோ” என்று அவர் கேட்பார், பெடியள் மாறிட்டுது என்பார்கள், சரி என்று அவரும் தடியைக் கீழே வைத்துவிடுவார். பிறகு அவள் வராமலே விட்டாள். அண்ணனின் தொழிலைக் கையில் எடுத்தாள். எஞ்சினை அவர் தடவித் தடவிக் கிளப்புவார், மற்றதெல்லாம் அவள். வீட்டுக் கஷ்டத்தால் நின்றுவிட்டாள் என்று ஊர் சொன்னது. உண்மையை நாலு பேர் அறிவோம், நாலு பேரும் கதைக்கவில்லை. கண்ணுக்கு என்ன நடந்தது என்று கேட்கிறவர்களிடம் அன்ரன் அண்ணை, “அசிட் பட்டிட்டுது” என்று மட்டும் சொல்லுவார். சுண்ணாம்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

ஒருநாள் பல்ப்புக்குக் கீழே நான் தனியே படித்துக்கொண்டிருந்தேன்.

“பிள்ளை, அவள் எங்கை?”

“தண்ணி அள்ளப் போயிட்டாள் அண்ணை.”

அவர் சுவரைத் தடவிக்கொண்டு வந்து வாங்கின் மறுகரையில் இருந்தார். “ஒரு கதை கேக்கிறன். தண்ணி விட்டிருந்தாக் கண் தப்பியிருக்குமோ?”

நான் கொப்பியின் தாளைத் திருப்பினேன். தாள் திரும்பின சத்தமே பதில் என்று அவருக்கு விளங்கியிருக்கும்.

“சரி, விடு. எனக்கு அது தெரியவேண்டாம். தெரிஞ்சாப்போலை கண் வரப்போறதே? அவளுக்குச் சொல்லு, என்னத்தை விட்டிருந்தாலும் இப்பிடித்தான் முடிஞ்சிருக்கும் எண்டு. நான் சொன்னா, அண்ணை பாசத்திலை சொல்லுறார் எண்டுவாள். நீ படிச்சனி. புத்தகத்திலை கிடக்கெண்டு சொல்லு. அவள் சோதினை எழுதவேணும், பிள்ளை. அவள் எழுதாட்டி என்ரை கண் சும்மா போனதாப் போம்.”

அடுத்த நாளே சொன்னேன். கிணற்றடியில், அவள் வாளியை இழுத்துக்கொண்டிருக்கும்போது.

“புத்தகத்திலை பாத்தனான் ஜெனி. காய்ச்சின அசிட்டெண்டா, தண்ணி விட்டாலும் ஒண்டுதானாம், சுண்ணாம்பு விட்டாலும் ஒண்டுதானாம். பட்ட உடனை போயிடுமாம்.”

“எந்தப் புத்தகம்?”

“சேரின்ரை. அந்தத் தடிச்சது.”

“எத்தினையாம் பக்கம்?”

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக்கையால் என் கன்னத்தைத் தொட்டாள். சிரித்தாள் என்றுகூடச் சொல்லலாம். “சோதினையிலை மட்டும் உப்பிடி எழுதிப்போடாதை. மாக்ஸ் போயிடும்” என்றாள்.

அவள் சோதினை எழுதவில்லை. நான் எழுதினேன். அவள் இல்லாத வகுப்பில் நான்தான் முதலாவது. அந்த முதலாம் இடம் எனக்கு எவ்வளவு வெறுத்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டு, பாஸ் கிடைத்து, வெளிக்கிடுகிற நாள் சொல்லிக்கொள்ளப் போனேன். ஜெனி ஒரு வாடிக்கையாளரின் பற்றறியைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு நின்றாள். அன்ரன் அண்ணை என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, சத்தத்தைக் குறைத்துக் கேட்டார்.

“அவளுக்குச் சொன்னனியோ?”

“சொன்னனான் அண்ணை.”

“நம்பினவளோ?”

“ஓம் அண்ணை” என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். போகும்போது ஜெனி படலைவரைக்கும் வந்தாள். “டொக்டருக்குக் கிடைக்கேல்லை, ரீச்சராத்தான் வருவன்போலை” என்றேன். “அப்ப பிள்ளையளுக்கு எல்லாத்தையும் வடிவாச் சொல்லிக் குடு” என்றாள். அதுதான் கடைசி. இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டு.

பாதை திறந்தபோது அவர்கள் கடற்கரைக்கே திரும்பிப் போய்விட்டதாகக் கேள்வி. பிறகு அந்தக் கடற்கரைக்குக் கடல் வந்தது. அன்ரி அதில் போய்விட்டா என்று ஒருவர் சொன்னார். அண்ணனும் தங்கச்சியும் தப்பிவிட்டார்கள் என்றும் அவரேதான் சொன்னார். அதற்குப் பிறகு கடைசிச் சண்டை வந்தது. செட்டிகுளம் முகாமில் கம்பிவேலிக்கு வெளியே நின்று, கண் தெரியாத ஒருவரும் அவருடைய தங்கச்சியும் என்று எத்தனை பேரிடம் கேட்டேன். ஒருத்தர் கண்டேன் என்றார், எங்கே என்றால் தெரியவில்லை. முள்ளியவளையில் அந்தக் கொட்டில் நின்ற வளவில் இப்போது தொலைபேசிக் கோபுரம் நிற்கிறது. எங்கள் வகுப்பிருந்த இடத்தில் நல்ல மாடிக் கட்டடம், உள்ளே ஆய்வுகூடம், கண்ணாடி அலுமாரியில் வரிசையாக அளவிகள். அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். ஒரு பிள்ளையும் செம்பரத்தம்பூவைக் கசக்குவதில்லை, கசக்கத் தேவையும் இல்லை. கிணற்றை மூடிவிட்டார்கள். எல்லாம் போய்விட்டன, போகட்டும், கொட்டிலும் கிணறும் ஒரு பொருட்டா. அந்த இரண்டு பேரும் போனதைத்தான் என்னால் தாங்க ஏலாமல் இருக்கிறது.

இரண்டு மூன்று வருடங்களுக்கு முன், கண்ணாடி மாற்றுவதற்காகக் கண் கிளினிக்குக்குப் போயிருந்தேன். டொக்டர் ஒரு இளம் பெண்பிள்ளை. என்னிடம் படித்த பிள்ளைகளின் வயது. எல்லாம் பார்த்து முடிந்த பிறகு, பாடத்தில் ஒரு சந்தேகம் போலக் கேட்டேன். கொதிக்கிற அசிட் கண்ணில் பட்டால் என்ன செய்ய வேணும்?

“தண்ணிதான் ரீச்சர். உடனை, நிறைய, விடாமல்.”

“அது தெரியும். சுண்ணாம்புத் தண்ணி விட்டா?”

“ஐயோ, விடப்படாது.”

“தண்ணி விட்டிருந்தாக் கண் தப்பியிருக்குமோ?”

அவ எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. “என்ன அசிட்? பற்றறி அசிட்டோ?”

“ஓம். காய்ச்சி வத்தவைச்சது. அடுப்பாலை இறக்கின உடனை.”

“அப்பிடியெண்டா பட்ட உடனையே போயிருக்கும் ரீச்சர். தண்ணி விடத்தான் வேணும், ஆனா அந்தக் கண் வந்திராது. பிறகு என்னத்தை விட்டிருந்தாலும் இப்பிடித்தான் முடிஞ்சிருக்கும்.” பிறகு, “ஆருக்கு ரீச்சர்?” என்று கேட்டா.

“ஒருத்தருக்குமில்லை. பாடத்துக்கு” என்றேன்.

வெளியே வந்து வாசல் வாங்கில் இருந்தேன். எண்ணி எண்ணி ஒரு ஆயுள் காலம் சுமந்த பொய், அது பொய்யே இல்லையாம். கிணற்றடியில் நான் வாய்க்கு வந்தபடி சொன்னதுதான் சரியாம். சொல்ல வேண்டும் போல இருந்தது, ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல, அந்த நிமிஷமே பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போய், ஒவ்வொரு படலையாகத் தட்டி.

“பொய்யில்லையடி, ஜெனி” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

பக்கத்தில் இருந்த மனிசி திரும்பி, “என்னோடையோ கதைக்கிறியள்?” என்று கேட்டா.

இல்லை என்றேன்.